புள்ளி வைக்காத நோட்டு

தாராவி, பம்பாய்-17
6-11-1966

பூமாரிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் 'நலம்' என்று ஒரு சொல் எழுதி அனுப்புவாய். ஐந்து வாரமாக அந்த ஒரு சொல்லும் வரவில்லை. அம்மை தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு நம் ஒற்றை அறைக் கோலியின் வாசலில் போய் நின்றுகொள்கிறாள். அவன் இவளைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறான். "அவன் கை வீசுத வீச்சைப் பாக்க முடியல. தங்கச்சிக்கு ஒரு வரி எழுதிக் கேளுலே" என்று நச்சரிப்பு. அதனால் எழுதுகிறேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ரேஷனில் அரிசியைக் குறைத்துவிட்டு மைலோ என்று ஒரு சிவப்புச் சோளம் போடுகிறான். அதைத் தின்ன மாட்டேன் என்று அப்பா தோல் கம்பெனி வாசலில் பாவ் ரொட்டி தின்றுவிட்டு வருகிறார். எனக்கு அதே செம்பூர் கம்பெனி, அதே டிராயிங் மேஜை. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷினின் புத்தகத்தை எல்லாரும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாசித்துச் சொல்ல நான், அங்கே பயிற்சிக்குப் போக வேறு ஆள். சரி, அது பழைய கதை.

நான் எழுதித் தந்த நோட்டைத் தினமும் வாசிக்கிறாயா? இருநூறு சொல் இருக்கிறது. ஜெர்மன் எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம் என்றுதானே தமிழ் எழுத்தில் எழுதித் தந்தேன். அப்படியே வாய்விட்டு வாசித்தால் போதும். நீ அங்கே நர்ஸ் வேலை பார்க்கப் போயிருக்கிறாய், புலவர் பரீட்சைக்கு அல்ல.

பதில் எழுது. அம்மைக்குக் கால் வலிக்கிறது.

நம்பிராஜன்


நர்ஸ் விடுதி, மேற்கு ஜெர்மனி
17-11-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை அம்மைக்கு வாசித்துக் காட்டாதே. அவளுக்கென்று தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் பனி, ஆப்பிள், கம்பளிச் சட்டை எல்லாம் இருக்கிறது. அதை மட்டும் வாசி.

நோட்டைத் தினமும் வாசிக்கிறேன். அதில் ஒன்று கேட்க வேண்டும். பதினாலாம் பக்கத்தில் 'மகள்' என்பதற்கு நேரே 'டொஃட்டர்' என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் 'மகள்கள்' என்பதற்கு நேரேயும் 'டொஃட்டர்' என்றே எழுதியிருக்கிறாய். ஒருத்தி என்றாலும் பலர் என்றாலும் இவர்களுக்கு ஒரே சொல்தானா? அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் வார்டில் ஹெல்மர் என்று ஒரு வயதான அம்மாள் இருந்தார். நுரையீரலில் நீர். பேசினால் சொல்லோடு மூச்சும் கலந்துதான் வரும். போன மாதம் முதல் வாரம், ஒரு மதியம், தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரூபன் ஸீ மைன டொஃட்டர்" என்றார். 'என் மகளைக் கூப்பிடு.' எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததே பெருமையாக இருந்தது. ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அங்கிருக்கும் பெண் ஒரு அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, விரல் ஒன்றைக் காட்டி, ஒருத்தியா என்று கேட்டாள். நான் "யா, யா" என்றேன். அட்டையில் முதலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

அன்று சாயங்காலமே மூத்த மகள் வந்தாள். மறுநாள் காலை அம்மாள் இறந்துபோனார். அதற்கும் மறுநாள் இன்னொரு மகள் வந்தாள். பெயர் 'இங்க', நாம் 'இங்க வா' என்கிறோமே, அதே மாதிரி. பக்கத்து ஊரில் ஒரு ஷூ கடையில் வேலை செய்கிறாள். அம்மாவுக்குப் பிடிக்காத ஆளைக் கல்யாணம் செய்துகொண்டு, நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். வராந்தாவில் என்னை நிறுத்தி, அம்மா கடைசியில் யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்டாள். 'டொஃட்டர்' என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். அவள் அழவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த அட்டையில் இரண்டு பெயர் இருந்தது அண்ணே. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்கு வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து, நன்றி என்று 'பிட்டே', 'டாங்கே' இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வார்டில் காலத்தை ஓட்டுகிறேன். மகள், மகள்கள், அந்த இரண்டு சொல்லும் ஒன்றுதானே? ஒன்றுதான் என்று நீ எழுதிவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

பூமாரி


தாராவி
28-11-1966

பூமாரிக்கு,

ஒன்று இல்லை. இரண்டு.

இரண்டாவது சொல்லில் 'ஒ' என்ற எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளி உண்டு. நாம் பன்மை என்றால் சொல்லின் வாலைப் பார்க்கிற ஜனங்கள். மகள், மகள்கள். 'கள்' வந்ததா வரவில்லையா, அவ்வளவுதான். இந்தச் சொல்லில் இவர்கள் வாலைத் தொடுவதே இல்லை. வயிற்றில் மாற்றுகிறார்கள். நீ வால் வரும் வரும் என்று காத்திருந்திருப்பாய். அதற்குள் பன்மை நடுவில் வந்து போய்விட்டது.

செய்முறை சொல்கிறேன், கவனமாகப் படி. 'எ' என்று சொல். நாக்கு எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேயே ஆணி அடித்தது போல இருக்கட்டும். இப்போது உதட்டை மட்டும் 'ஒ'வுக்குக் குவி. நாக்கு எ, உதடு ஒ. குறுக்குவெட்டுப் படம் கீழே போட்டிருக்கிறேன். நாக்கை அசைத்தால் காரியம் கெட்டது. அடுத்தது, நான் ஆய்த எழுத்தால் காட்டியிருக்கும் ஒலி. புள்ளி இல்லாத சொல்லில் அது தொண்டையில் உராயும், கோழையைக் காறுகிற மாதிரி. புள்ளி உள்ள சொல்லில் அது வாயின் முன்பக்கம் வந்துவிடும். பம்ப் ஸ்டவ்வில் காற்றைத் திறந்துவிட்டால் சீறுமே, அப்படி வெறும் காற்று. ஆக வித்தியாசம் ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில். அந்தக் கிழவி சொன்னது உராய்ந்ததா, சீறியதா? நினைவிருந்தால் எழுது. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நோட்டில் புள்ளி விட்டுப்போயிற்று. நீ கப்பல் ஏற நாலு நாள்தான் இருந்தது, அவசரத்தில் எழுதியது. மாட்டுங்கா ஜெர்மன் வகுப்பில் நான் படித்துவிட்டு வந்ததை உனக்கு வாயாலும்தான் சொல்லித்தந்தேன். நீ சடை பின்னிக்கொண்டே கேட்டாய்.

இதை அங்கே யாரிடமும் சொல்லாதே. வேலையை நிரந்தரமாக்கும் முன்னே வைத்துப் பார்க்கிற தேர்வுக் காலம் உனக்கு இன்னும் முடியவில்லை. காது கேட்காத நர்ஸ் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். செத்தவள் செத்தாயிற்று. ஷூ கடைக்காரிக்கு உன் பெயர்கூடத் தெரியாது. வேலையைப் பார்.

அம்மைக்கு அந்தத் தாளை மட்டும் வாசித்தேன். "ஒரு நாளைக்கு எத்தனை ஆப்பிளு திங்கலாம்னு கேட்டு எழுது. சளி பிடிச்சிரும்" என்றாள்.

நம்பிராஜன்


நர்ஸ் விடுதி
9-12-1966

அண்ணனுக்கு,

துணி அடுக்கும் அறையில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதன் முன்னால் நின்று, நீ சொன்னபடி 'எ'வை வைத்துக்கொண்டு உதட்டைக் குவித்தேன். மூன்று நாள் வெறும் 'வொ'தான் வந்தது. கூட இருக்கும் கேரளத்து நர்ஸ் ஏலிக்குட்டி பார்த்துவிட்டு, "ஆர்க்கா உம்மா?" என்று கேட்டாள். யாருக்கு முத்தம் என்கிறாள். அவளிடம் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. நாலாம் நாள் திடீரென்று வந்தது. வந்தது எனக்கே கேட்டது. அதுதான் ஆச்சரியம். அதுவரை இவர்கள் இரண்டு விதமாகச் சொன்னாலும் என் காதில் ஒன்றாகவே விழுந்தது. என் வாயில் வந்த பிறகு காதிலும் விழுகிறது. இப்போது வார்டு முழுவதும் புள்ளியாகக் கேட்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சீறியது. உராயவில்லை.

அதை நான் மூச்சு என்று நினைத்தேன். நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்குப் பேச்சு அப்படித்தான் வரும் என்று சயான் ஆஸ்பத்திரியில் படித்திருக்கிறேன் அல்லவா? அந்தப் படிப்பை நம்பி, அவர் கேட்டதைச் சரியாகக் கேட்காமல், பிராணவாயுக் குழாயைச் சரிபார்த்தேன். அது மூச்சு இல்லை அண்ணே. எழுத்து.

செத்தவள் செத்தாயிற்று என்று எழுதிவிட்டாய். எனக்கு அப்படி எழுத வரவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு போனாளே, அவள் இருக்கிறாள். கடைசி நேரத்திலும் அம்மா அக்காவை மட்டும்தான் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டு தினமும் கடை திறக்கிறாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று நீ சொல்வாய், உன்னை எனக்குத் தெரியும். அவள் என் வாயைப் பார்த்துத்தான் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். என் வாய்தான் இரண்டு தடவையும் தப்பாகச் சொன்னது. எனக்கு ஒரே பயம், போய் நின்று புள்ளி இல்லாமல் சொல்லிவிட்டால் மூன்றாவது தடவையும் அதையே சொன்னவள் ஆவேன்.

இனி உன்னிடம் ஒன்று. புள்ளி விட்டுப்போயிற்று என்கிறாய். ஒரு சொல்லிலா? கதவு, ஐந்து, அழகு, சகோதரர்கள், எதிலுமே இல்லை. ஏலிக்குட்டியின் புத்தகத்தை வைத்து ஒத்துப் பார்த்துவிட்டேன். நீ வகுப்பில் எழுதிய உன்னுடைய நோட்டை மாளாப் பரணில் ஜமுக்காளத்துக்கு அடியில் வைத்திருப்பாய். ஏணி போட்டுத் தூசி தட்டும்போது ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதில் சிவப்பு மையில் இரண்டிரண்டாகப் புள்ளி இருந்தது, மூக்குத்தி மாதிரி. என்னவோ கணக்கு என்று நினைத்து மூடி வைத்தேன். கப்பலடியில் உன்னைக் கேட்டேன். "அண்ணே, நோட்டுல எல்லாம் இருக்கா?" "எல்லாம் இருக்கு, ஏறு" என்றாய்.

ஏன்?

பூமாரி


தாராவி
19-12-1966

பூமாரிக்கு,

மூன்று தாளைக் கிழித்தாயிற்று. இது நாலாவது.

சிவப்புப் பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. டிராயிங்கில் கோடெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அளவு எழுதுவோம். அதேபோல இருநூறு சொல்லையும் நீல மையில் முடித்துவிட்டுக் கடைசியில் புள்ளி வைக்கலாம் என்று இருந்தேன். இதுவரை பொய் இல்லை. நீலம் முடிந்தது ஞாயிற்றுக்கிழமை பகல். அன்றுதான் நீ மே மாத வெயிலில் அந்தப் புதுக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்காட்டினாய். அப்பா பக்கத்துக் கோலி அய்யாத்துரை மாமாவைக் கூப்பிட்டு, "பாத்தியளா மச்சான், பாஷை படிச்சவன் இங்கன கிடக்கான், படிக்காதவ கப்பல் ஏறுதா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மாமா சிரித்தார். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலில் என் பெயர் இல்லை என்று கம்பெனியில் சொல்லி அப்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

பேனா மூடியைக் கழற்றியிருந்தேன். திரும்ப மூடிவிட்டேன்.

அத்தனை புள்ளியும் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? நேற்று வைத்துப் பார்த்தேன். கால் மணி நேரம்.

உன்னைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. 'போய்க் கொஞ்சம் முழிக்கட்டும்' என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான். கடை ஒன்றில் நீ தப்பாகக் கேட்பாய், அவன் வேறு சாமானை எடுத்துத் தருவான் என்கிற அளவுக்குத்தான் என் புத்தி போயிற்று. மூச்சுத் திணறுகிற ஒரு கிழவி என் நோட்டை நம்பி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு பதில் இல்லை என்றும் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. நீ வாய் திறக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அனந்தகிருஷ்ணன் முகம்தான் வந்தது. மாட்டுங்கா வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவானே, அவன்தான். இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. நான் 'வாளப்பளம்' என்றதும், "ஜெர்மன் அப்புறம் கத்துக்கலாம் சார், முதல்ல தமிழ்" என்று பெஞ்சு முழுக்கச் சிரிக்கவைத்தான். பிறகு ஒரு மாதம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ழ வராது. சிரித்தால் வாய் எப்படிப் பூட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவன்தான் உனக்கு அந்த நோட்டைத் தந்தான்.

போன கடிதத்தில் யாரிடமும் சொல்லாதே என்றேனே, அது உன் வேலைக்காக எழுதியது இல்லை. நீ சொன்னால், இந்த நோட்டை எழுதியது யார் என்று கேள்வி வரும். அதற்காக எழுதியது.

போய்ச் சொல். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். கப்பலடிக்கு நான் வருவேன். அப்பாவிடம் காரணத்தை நானே சொல்வேன். அம்மையிடம் சொல்லியாயிற்று. அவளுக்கென்று நீ வைத்த தாளை வாசிக்கும்போது, "நீ எடையில எடையில முழுங்குதியே, பிள்ளைக்கு என்னமும் ஆயிட்டா?" என்றாள். கடிதம் முழுவதையும் வாசித்தேன், நான் செய்ததையும் சொன்னேன். மைலோவைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அந்தப் பொம்பள ரெண்டு பேரையும்லா கூப்பிட்டிருக்கா" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

புள்ளி வர வேண்டிய சொற்களை எல்லாம் சிவப்பில் எழுதித் தனித் தாளாக வைத்திருக்கிறேன். குளிரில் உதடு விறைத்துப்போகும். கடைக்குள் போனதும் பேசாதே, உதடு சூடாகட்டும்.

நம்பி


நர்ஸ் விடுதி
5-1-1967

அண்ணனுக்கு,

முதலில் தலைமை சிஸ்டரிடம் சொன்னேன். என் காதைப் பற்றி மட்டும் சொன்னேன், உன் நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அது நம் வீட்டுச் சமாச்சாரம். தேர்வுக் காலத்தை மூன்று மாதம் கூட்டிவிட்டார். அதுவரை நோயாளிகளின் சேதியை நான் வாங்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. திருப்பி அனுப்பவில்லை. அந்த அட்டையைத் தேடி எடுத்து, கடை விலாசத்தை அவரே எழுதித் தந்தார்.

செவ்வாய்க்கிழமை லீவில் போனேன். தொப்பியும் வெள்ளை உடுப்பும் இல்லாததால் இங்கவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஷூ வாங்க வந்தவள் என்று நினைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே முழங்கால் போட்டு, என் ஷூவைக் கழற்றி மடியில் போட்டு, காலையும் எடுத்து அதே மடியில் வைத்துக்கொண்டாள். இங்கே கடையில் அப்படித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. யாருக்குத் தப்புச் செய்தேனோ அவள் கையில் என் கால். உதடு சூடாகட்டும் என்று நீ எழுதியதெல்லாம் மறந்துவிட்டது. காலை இழுத்துக்கொண்டு, "உங்கள் அம்மா, டொஃட்டர்" என்று கொட்டிவிட்டேன். தொண்டையில் உராய்ந்துவிட்டது அண்ணே. புள்ளி இல்லாமல்.

இப்போது என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் அம்மா என்னைப் பிடித்தது போலவே இறுக்கிப் பிடித்தேன். நாக்கை 'எ'வில் நிறுத்தினேன். உதட்டைக் குவித்தேன். சொன்னேன்.

சீறியது.

அவள் அசையவில்லை. "நொஃ மால்" என்றாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். சொன்னேன். திரும்பவும் "நொஃ மால்". எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவர் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளே ஒரு தடவை சொன்னாள். என்னிடம் இல்லை, மடியில் கிடந்த என் ஷூவிடம். அவள் வாயில் வந்தபோதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அன்று மதியம் கேட்டது இதுதான் என்று. அம்மாவும் மகளும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

மன்னித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏன் சரியாகக் கேட்கவில்லை என்று கேட்டாள். என் பாஷையில் அந்த எழுத்து இல்லை என்றேன். என் ஷூவை மாட்டி, நாடாவை அவளே கட்டிவிட்டாள். வாசல்வரை வரவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அன்று நான் கோட்டைப் போட்டுக்கொண்டு சிரித்ததை நினைத்தால் என்மேலும் வருகிறது. கடிதத்தை நிறுத்த மாட்டேன், அம்மையை வாசலில் நிற்கவைக்க மாட்டேன். ஆனால் நீ அனுப்பிய அந்தச் சிவப்புத் தாள் எனக்கு வேண்டாம். மாளாவில் இருக்கிறதே, நீ உனக்காக எழுதிய நோட்டு. அதை அனுப்பு.

பூமாரி


தாராவி
17-1-1967

பூமாரிக்கு,

நோட்டை இன்று மாட்டுங்கா தபால் ஆபீசில் ரிஜிஸ்தர் செய்து அனுப்பிவிட்டேன். எல்லாப் பக்கமும் இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு நானே புள்ளியைத் தப்பான எழுத்தின்மேல் வைத்திருந்தேன். உன்னால்தான் கண்ணில் பட்டது, திருத்தியிருக்கிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். இன்று மைலோக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "அவளுக்கு அனுப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

கம்பெனியில் பயிற்சிக்கு அனுப்பும் அடுத்த பட்டியல் ஏப்ரலில். பக்கத்து மேஜை சிராஜ், "அதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிட்டு அனுப்பேன்டா, பைத்தியமா நீ?" என்றான்.

எடுக்கவில்லை. நகல் எடுத்தால் என் கை எதை விடும், எதை உனக்கு அனுப்பும் என்று உனக்குத் தெரியும்.

நம்பி